அஞ்சாவது அட்மிஷன்

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கிளாட்வின் கையில் நாலு பெயர்தான் இருந்தது.

அஞ்சு வேண்டும். போன வாரம் நீலமலை பொறியியல் கல்லூரியின் தாளாளர் வாத்தியார்கள் அத்தனை பேரையும் செமினார் ஹாலில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். ஆளுக்கு அஞ்சு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சேர்க்காதவர்கள் ஜூலையில் கையெழுத்துப் போட வர வேண்டாம்.

பதினாலு வருஷம் மெக்கானிக்கல் பாடம் எடுத்தவன். ஒரு காலத்தில் அறுபது அறுபது பேராக ரெண்டு வகுப்பு நிறைந்து கிடந்த டிபார்ட்மெண்டில் போன வருஷம் மொத்தம் ஒன்பது பேர். லேத் மெஷின்களைத் தார்ப்பாய் போட்டு மூடியாகிவிட்டது. கரும்பலகை முன்னால் நிற்க வேண்டியவன், இந்த மே மாசம் பூராவும் சேத்தூர், முகவூர், வத்திராயிருப்பு என்று நோட்டீஸும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினான்.

இத்தனைக்கும் நடுவில் அவன் மட்டும் பார்த்துவிட்ட விஷயம் ஒன்று உண்டு. ஹாஸ்டலுக்குப் பின்னால் நாலு பேர் டேப் பிடித்து அளந்து கல் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். "பிளாட் போடப் போறாக சார், ரெண்டு வருஷத்துல" என்றான் அதில் ஒருவன், சர்வசாதாரணமாக. வீட்டில்கூட கிளாட்வின் அதைச் சொல்லவில்லை.

"எலினா சர்டிபிகேட்டை வாங்கிட்டு வந்துருங்க. அஞ்சு ஆயிரும்" என்றாள் மனைவி பிளஸ்ஸி, சேலைத் தலைப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டே. எலினா கிளாட்வினுடைய அக்கா மகள். கான்சாபுரத்தில் இருக்கிறாள். பிளஸ் டூ முடித்துவிட்டாள்.

"அவ கணக்குப் படிக்கணும்ங்கா. அரசுக் கல்லூரியில இன்னைக்குக் கடைசி கவுன்சலிங்."

"கணக்குல பி.எஸ்சி. படிச்சு, பி.எட். முடிச்சு, தகுதித் தேர்வும் பாஸ் பண்ணுன ஆளு உங்க முன்னாடிதான் நிக்கேன். நல்லாப் பாத்துக்கோங்க." பிளஸ்ஸி சிரிக்கவில்லை. "பாஸ் பண்ணுன அன்னைக்கு நம்ம மெல்வின் மடியில கெடந்தான். இப்ப அவன் பிளஸ் ஒன். நான் யுகேஜிக்கு ரைம்ஸ் சொல்லிக் குடுக்கப் போறேன்."

"அதுக்காக..."

"எதைப் படிச்சாலும் இதுதாங்க. உங்க காலேஜ்னா நம்ம கண்ணு முன்னாலயாவது இருப்பா. உங்க வேலையும் நிக்கும். மதினிகிட்ட நீங்க கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறாவ?"

அதுதான் சிக்கலே. அக்கா மாட்டேன் என்று சொல்ல மாட்டாள்.

*

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது, "சார்!" என்று ஒரு சத்தம். காக்கி யூனிபார்ம் சட்டை போட்ட ஒருத்தன் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

தனுஷ்கோடி. கிளாட்வினின் பழைய மாணவன். அந்த பேட்சில் முதல் மார்க். தெர்மோடைனமிக்ஸ் கணக்கில் ஒரு தரம் கிளாட்வின் போட்ட விடையே தப்பு என்று எழுந்து சொன்னவன்.

"என்ன தனுஷ்கோடி, போலீஸா?"

"இல்ல சார். ஃபாரஸ்ட்ல. செண்பகத்தோப்பு செக்போஸ்ட்ல வாட்சர். டெம்ப்ரவரிதான்." வெட்கப்படாமல் சொன்னான். "மில்லுல நாலு வருஷம் இருந்தேன் சார். மூடிட்டாக. இது பரவால்ல, காத்தோட்டமா இருக்கு."

கிளாட்வின் கையிலிருந்த டீயைப் பெஞ்சில் வைத்தான். பத்து வருஷத்துக்கு முன் தனுஷ்கோடியின் வீட்டுக்குப் போய், அவனுடைய அப்பாவிடம் 'பையன் எங்கியோ போயிருவான், நான் பொறுப்பு' என்று சொல்லிச் சேர்த்துவிட்டது கிளாட்வின்தான். அந்தப் பையன் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லியிருந்தால் தேவலை.

"நல்லவேளை சார், உங்களைப் பாத்தது. தங்கச்சி கார்த்திகா பிளஸ் டூ முடிச்சிருக்கா. இன்னைக்கு அரசுக் கல்லூரிக் கவுன்சலிங். பி.எஸ்சி. கணக்கு கெடைக்கும்ங்காக. அங்க சேக்கவா, இல்ல நம்ம காலேஜ்லயா? நீங்க என்ன சொல்லுதீங்களோ அதான்."

அஞ்சாவது பெயர். டீ கிளாஸ் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அக்கா வீட்டுப் பக்கமே போக வேண்டாம். 'நம்ம காலேஜ்தான்' என்று ரெண்டு வார்த்தை சொன்னால் போதும்.

கிளாட்வின் தனுஷ்கோடியின் சட்டையைப் பார்த்தான். தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது.

"அரசுக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றான். "நம்ம காலேஜ் வேண்டாம். நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லாத."

"சரி சார்" என்றான் தனுஷ்கோடி. ஏன் என்று கேட்கவில்லை. டீக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை.

கிருஷ்ணன்கோவில் தாண்டி வத்திராயிருப்பு ரோட்டில் திரும்பும்போது கிளாட்வினுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. ஒருத்தனிடம் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. எலினாவிடமும் அதையே சொல்லிவிட வேண்டியதுதான். வேலை போனால் போகட்டும். ஜெயித்துவிட்ட மாதிரிகூட இருந்தது. அந்த நினைப்பு கான்சாபுரம் வரைக்கும்தான்.

*

அருள்செல்வி நூறு நாள் வேலைக்குக் கிளம்பி, மண்வெட்டியோடு வாசலில் நின்றாள். தம்பியைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, தண்ணீர் மோந்து வந்து கொடுத்தாள். அவளுடைய வீட்டுக்காரர் ஜெபதுரை கேரளாவில் கட்டட வேலையில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வந்து போனவர்தான்.

எலினா கதவுப் பக்கம் நின்றாள். மாமாவைப் பார்த்து ஒரு சிரிப்பு. பேச்சு கம்மி அவளுக்கு.

கிளாட்வின் சுற்றி வளைக்காமல் சொன்னான். "அக்கா, எலினா எங்க காலேஜுக்கு வர வேண்டாம். வாத்தியார் கெடையாது, லேப் கெடையாது. முதல் வருஷக் கணக்கை லைப்ரேரியன் எடுக்காரு. ரெண்டு வருஷத்துல பிளாட் போட்டு வித்துருவாக. பிள்ளை அந்தரத்துல நிப்பா. அவ ஆசைப்பட்ட மாதிரி கணக்கே படிக்கட்டும்."

அருள்செல்வி சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"பிளஸ்ஸி சொல்லச் சொன்னாளா?"

"இல்லக்கா. அவ சேக்கத்தான் சொல்லுதா."

"அப்பம் நீயே யோசிச்சிருக்க." அவள் குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஏலே, நீ ஒம்பதாப்பு வரைக்கும் பாஸ் ஆகுததே சந்தேகம்னாங்க. ஒன்னைப் படிக்க வைக்கணும்னுதான் நான் சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணித் தறிக்குப் போனேன். நீ படிச்ச. பேண்ட்டு போட்ட. ஃபேனுக்கு அடியில நிக்க. படிப்புன்னா அது இன்ஜினியருக்குப் படிக்கதுதாம்னு எனக்குக் காட்டுனவன் நீதான். இப்பம் எம் பிள்ளைன்னு வரும்போது வேண்டாம்னு சொல்லுத."

"அந்தக் காலம் வேறக்கா..."

"காலேஜு அம்புட்டு மோசம்னா நீ ஏன் பதினாலு வருஷமா அங்க நிக்க?"

கிளாட்வின் வாசல்படியில் உட்கார்ந்தான்.

"இந்த வருஷம் நாலு பிள்ளைகளைச் சேத்திருக்கன்னு பிளஸ்ஸி போன்ல சொன்னா. முகவூர்ப் பிள்ளையாம், சேத்தூர்ப் பிள்ளையாம். அதுகளுக்கு நல்ல காலேஜு, எம் மகளுக்கு மட்டும் மோசமான காலேஜா? அதுக தாய்மாருகிட்ட இதைச் சொன்னியா நீ?"

கிளாட்வின் எழுந்து எலினா பக்கம் திரும்பினான்.

"வந்தது வந்துட்ட, கேட்டுக்கோ" என்றாள் அருள்செல்வி. "சர்டிபிகேட்டு எங்கிட்ட இல்ல. நீ அனுப்புனேன்னு வந்த ஆளுகிட்டயே குடுத்தாச்சு."

"யார்ட்டக்கா?"

எலினாதான் பதில் சொன்னாள். "செவ்வாக்கெழம பால்பாண்டி சார்னு ஒருத்தர் வந்தார் மாமா. நீங்கதான் அனுப்புனீங்கன்னு சொன்னாரு. நான் கணக்குன்னுதான் சொன்னேன். ஆனா நீங்க சொல்லி விட்டதாச் சொன்னதும்..." மீதியை அவள் சொல்லவில்லை.

பால்பாண்டி சிவில் டிபார்ட்மெண்ட். கிளாட்வினோடு ஒரே மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறவன். அக்கா மகளைப் பற்றி அவனிடம் வாய்விட்டுச் சொன்னது கிளாட்வின்தான். வெளியாளைக் குறை சொல்லி என்ன?

"நான் வாங்கித் தாரேன். கெளம்புட்டி. ரெண்டு மணிக்குக் கவுன்சலிங்."

"நீ போனா ஒம் மாமா வீட்டுலயே இருந்துக்க" என்றாள் அருள்செல்வி மகளைப் பார்த்து. பிறகு தம்பியைப் பார்த்து, "நீயும் இந்தப் பக்கம் வராத. அவிய கேரளாவுல இருந்து வந்து கேட்டா, எம் பிள்ளை படிப்பைத் தாய்மாமன் கெடுத்தான்னு சொல்லிக்கிடுதேன்" என்று மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எலினா செத்த நேரம் அம்மா போன திசையையே பார்த்து நின்றாள். அப்புறம் வீட்டைப் பூட்டி, சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினாள்.

*

எலினாவை அரசுக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, கிளாட்வின் ராஜபாளையம் தாண்டி நீலமலை போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டேகால்.

அட்மிஷன் அறையில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் வாத்தியார்கள் பெயர், பக்கத்தில் கோடுகள். கிளாட்வினுக்கு நாலு கோடு. பால்பாண்டிக்கு அஞ்சு.

"நீ வருவன்னு தெரியும்" என்றான் பால்பாண்டி. சண்டைக்கு நிற்கிறவன் முகமாக இல்லை. தூக்கம் கெட்ட முகம். "தப்புதான். ஒங் காலுல வேணாலும் விழுதேன். ஆனா கவரைக் கேக்காத."

"எங்க அக்கா பிள்ளைடா அது."

"எனக்கு ரெண்டு பிள்ளை. ரெண்டுக்கும் இந்தச் சம்பளந்தான் சோறு. நீயாவது வேற இண்டர்வியூ பாப்ப. எனக்கு நாப்பத்தெட்டு. எங்க போவேன்?" பீரோவைத் திறந்து பழுப்புக் கவரை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டான். "பதிலுக்கு ஒரு பிள்ளை கொண்டா. இதை எடுத்துக்க. தாளாளர் மூணு மணிக்கே லிஸ்ட் கேப்பாரு. அதுக்கு முன்னாடி."

கிளாட்வின் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றான். பதிலுக்கு ஒரு பிள்ளை. முகவூரில் ஒருத்தர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தார். போன் போட்டான். வேறு காலேஜில் சேர்த்தாகிவிட்டதாம். இன்னொருவர் எடுக்கவே இல்லை. மணி பன்னிரண்டே முக்கால்.

அவன் ஒன்றுமே செய்யாமல் வீட்டுக்குப் போயிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம்தான். அக்காவுக்கு மகள் இன்ஜினியர். பால்பாண்டிக்கு வேலை. அவன் வேலை எப்படியும் போனதுதான். எலினாவுக்கு மட்டும்தான் இல்லை, அவளும் வாய் திறந்து கேட்கப் போவதில்லை. ஆனால் அவள் அந்த வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பாளே என்ற ஒரே நினைப்பு அவனைப் பிடித்து உலுக்கியது. தாயை விட்டு, பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டே வந்த பிள்ளை.

போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்த விரல் ஒரு பெயரில் நின்றது. வேண்டாம் என்று விரலை எடுத்தான். மறுபடி வைத்தான்.

"சார், சொல்லுங்க சார்." பின்னால் வண்டிச் சத்தம். "கவுன்சலிங்குக்குத்தான் போயிட்டு இருக்கோம். கார்த்திகா பின்னால உக்காந்திருக்கா."

"தனுஷ்கோடி... வண்டியை ஓரமா நிறுத்து."

நிறுத்தினான்.

"காலையில நான் சொன்னதை விட்டுரு. நம்ம காலேஜுக்கே கூட்டிட்டு வா. இப்பவே. சர்டிபிகேட்டோட."

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்து போகிற சத்தம் கேட்டது. கேள், ஏன் என்று கேள் என்று கிளாட்வின் மனசுக்குள் கெஞ்சினான். ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் அவன் உடைந்து போயிருப்பான்.

"சரி சார். அரைமணி நேரத்துல வாரேன்."

*

வந்துவிட்டார்கள். கார்த்திகா நல்ல நாளுக்குப் போடுகிற சுடிதார் போட்டிருந்தாள். கண்ணாடிக் கதவையும், சுவரில் மாட்டியிருந்த பட்டமளிப்பு விழாப் படங்களையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

"காலையில வேற மாதிரிச் சொன்னீங்களே சார்னு இவ கேட்டா" என்றான் தனுஷ்கோடி. "சார் யோசிக்காமச் சொல்ல மாட்டாருன்னுட்டேன்."

"காலையிலதான் யோசிக்காமச் சொல்லிட்டேன்."

பால்பாண்டி ஏற்கெனவே விண்ணப்பத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்து வைத்திருந்தான். பெயர், அப்பா பெயர், ஊர். சிவில். கார்த்திகா கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து கோட்டுக்கு வெளியே போகாமல் போட்டாள். மார்க் லிஸ்ட், டி.சி. எல்லாம் பீரோவுக்குள் போயின. பீரோவிலிருந்து பழுப்புக் கவர் வெளியே வந்தது. பால்பாண்டி அதைக் கிளாட்வினின் கண்ணைப் பார்க்காமல் நீட்டினான்.

பலகையில் பால்பாண்டிக்கு அஞ்சு கோடு அப்படியே இருந்தது. கிளாட்வினுக்கு நாலு. அதுவும் அப்படியே.

"சார்" என்றாள் கார்த்திகா, வெளியே வரும்போது. "எங்களுக்கு நீங்க கிளாஸ் எடுப்பீங்களா?"

"பாப்போம்மா."

"நீங்க எடுத்தா நல்லாருக்கும். அண்ணன் வீட்டுல எப்பமும் உங்களைத்தான் சொல்லும்."

கிளாட்வின் வண்டியை உதைத்தான். மூன்றாவது உதையில்தான் பிடித்தது.

*

அரசுக் கல்லூரியில் மூன்று மணிக்கும் கூட்டம் குறையவில்லை. மரத்தடியில், படிக்கட்டில், வராந்தாவில் எல்லாம் கவரை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள். எலினா சுவரோரம் நின்றாள். கவரைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கிளாட்வினால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"அம்மா போன் பண்ணுனாளா?"

"இல்ல மாமா. நான் பண்ணுனேன். எடுக்கல."

ஹாலுக்குள்ளே மைக்கில் ஒரு ஊழியர் தரவரிசைப்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசல் பலகையில் மிச்சமிருக்கும் இடங்களைச் சாக்பீஸால் அழித்து அழித்து எழுதினார்கள். வரலாறு நாலு. தாவரவியல் ரெண்டு. கணிதம் ஒன்று.

"ஒண்ணுதான் இருக்கு" என்றாள் எலினா. "எனக்கு முன்னால ஒருத்திதான் மாமா. அவளும் கணக்குத்தான் கேப்பா. எனக்குக் கெடைக்காது." கொஞ்சம் யோசித்து, "பரவால்ல, அவ என்னைய விட நல்லாப் படிப்பா. எங்க கிளாஸ்தான்" என்றாள்.

மைக் கரகரத்தது.

"கார்த்திகா. செண்பகத்தோப்பு ரோடு, ஸ்ரீவில்லிபுத்தூர்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"கார்த்திகா... ரெண்டாந் தடவை."

கிளாட்வின் எலினாவின் முகத்தைப் பார்க்காமல் பலகைப் பக்கம் திரும்பினான்.

"கார்த்திகா வந்திருக்காங்களா? மூணாந் தடவை. ஆப்செண்ட். அடுத்து, எலினா, கான்சாபுரம்."

எலினா நகரவில்லை. கூட்டத்துக்குள் எக்கி எக்கிப் பார்த்தாள். "எப்படி வராம இருப்பா? சர்டிபிகேட்டு போனதை நான் அவகிட்டச் சொல்லவே இல்ல. நேத்து ராத்திரி வரைக்கும், காலேஜுக்குத் தெனமும் சேந்தே பஸ்ல போவோம்னு மெசேஜ் போட்டாளே. நாங்க ரெண்டு பேரும் இதுக்குத்தான மாமா படிச்சோம்."

"எலினா! வர்றியாமா, அடுத்த ஆளைக் கூப்பிடவா?"

"நான் உள்ள போயி, அவளுக்காகச் செத்த நேரம் பொறுக்கச் சொல்லிப் பாக்கேன்." எலினா தன் போனில் நம்பரை அழுத்தி, மாமா கையில் திணித்தாள். "எடுத்தான்னா உடனே ஓடியாரச் சொல்லுங்க. வழியில எங்கயாச்சும்தான் இருப்பா." கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ரெண்டாவது மணியிலேயே கார்த்திகா எடுத்துவிட்டாள்.

"ஏட்டி எலினா! ஒனக்குத்தான் போன் போடணும்னு இருந்தேன். நான் இன்ஜினியரிங் சேந்துட்டேன்ட்டி! அண்ணனோட சாரே கூப்பிட்டுச் சேத்துவிட்டாரு. அங்க எம் பேரைக் கூப்பிட்டாகளா? போனாப் போகுது. அந்த சீட்டை நீ எடுத்துக்கட்டி." மூச்சு வாங்கச் சிரித்தாள். "ஹலோ? ஏட்டி, ஏன் பேச மாட்டேங்க?"

ஹாலுக்குள்ளே மேசை முன்னால் நின்றிருந்த எலினா, ஊழியரிடம் ஏதோ சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். போனைக் காதில் வைத்தபடி நிற்கிற மாமாவைப் பார்த்ததும் கையை ஆட்டி, என்ன சொல்லுதா என்று தூரத்திலிருந்தே கேட்டாள்.